எலிப்பல் சொல்லும் சாட்சி

மண்ணடியில் பாலூட்டிகள் – 14

சிவாலிக் குன்றுகளின் வரலாறு நெடுங்காலம் யானைகளின் வரலாறாகவே எழுதப்பட்டது. சகாரன்பூர் தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஹியூ ஃபால்கனரும் கால்வாய்ப் பொறியாளர் புரோபி காட்லியும் 1830களில் இமயத்தின் அடிவாரத்திலிருந்து வெளியே கொண்டுவந்தவை பெரும்பாலும் பேருருவங்கள். ஒட்டகச்சிவிங்கிக் குலத்தைச் சேர்ந்த கொம்பு முளைத்த சிவாதீரியம், வண்டி அளவு ஓடு கொண்ட ஆமை, நீண்ட தந்தங்களோடு ஸ்டெகோடான் என்று பட்டியல் நீண்டது. 1837-ல் லண்டன் புவியியல் கழகம் இருவருக்கும் வொல்லாஸ்டன் பதக்கம் கொடுத்தது. யானைகளில் ஒன்றுக்கு கணேசா என்று விநாயகர் பெயரையே சூட்டினார்கள். அவருடைய வாகனத்தைத் தேடித்தான் நூறு ஆண்டுகளுக்கு மேல் யாரும் போகவில்லை. இந்தப் பகுதியில் நான் நிறுவ விரும்புவது இதுதான்: சிவாலிக் மண்ணின் காலக்கணக்கையும், அங்கு நடந்த பரிணாமத்தின் படிகளையும் யானையின் தந்தத்தைவிடத் தெளிவாகச் சொல்வது எலியின் பல். ஆனால் ஒற்றைப் பல்லை நம்பக்கூடாது. நூற்றுக்கணக்கில் சேர்ந்து, இன்று வாழும் எலிகளின் மண்டையோடுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்படும்போதுதான் அந்தச் சாட்சி நிற்கும். ஆகவே இந்த வரலாறு நடந்த இடம் சிவாலிக் மட்டுமல்ல. அந்த மண்டையோடுகளைக் காத்துவரும், கொல்கத்தாவின் நியூ அலிப்பூரில் உள்ள இழுப்பறைகளும்தான்.

முதலில் எழும் கேள்வி, சிறு உயிர்கள் அன்று குறைவாக இருந்தனவா, அல்லது நம் கண்ணில் படவில்லையா என்பது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் 1874-ல் சேர்ந்த ரிச்சர்ட் லைடெக்கர், சிவாலிக் பாலூட்டிகளை வகைப்படுத்தி எழுதிய தொகுதிகளில் ஒன்றின் தலைப்பிலேயே கொறித்துண்ணிகளுக்கு இடம் கொடுத்தார். அது வெளிவந்தது 1884-ல். அதில் இருந்தவை கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சில வடிவங்களே. முள்ளம்பன்றியும் மூங்கில் எலிக் குலத்தைச் சேர்ந்தவையும் அவற்றில் முக்கியமானவை. 1933-ல் எட்வின் கோல்பெர்ட்டும் மார்ட்டின் ஹின்டனும், 1937-ல் ஆல்பர்ட் வுட்டும் இன்னும் சிலவற்றைச் சேர்த்தார்கள். அப்போதும் அது மெலிந்த பட்டியல்தான். நூறு ஆண்டுத் தேடலில் இவ்வளவுதான் கிடைத்தது என்றால் அங்கே எலிகள் அரிதாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் இந்த வாதம் தேடிய முறையைக் கணக்கில் எடுக்கவில்லை. அன்றைய சேகரிப்பாளர்கள் மழை அரித்த சரிவுகளில் நடந்துபோய், கண்ணில் பட்டதைக் குனிந்து எடுத்தார்கள். தாடையெலும்பு ஒரு முழம் இருந்தால் கண்ணில் படும். 2 மில்லிமீட்டர் பல் படாது. கண்ணில் பட்ட இரண்டொரு கொறித்துண்ணிகளும் முள்ளம்பன்றி, மூங்கில் எலி போல உடல் பெருத்தவையாக இருந்தது தற்செயல் அல்ல.

1970களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் பாகிஸ்தான் புவியியல் ஆய்வுத் துறையும் சேர்ந்து, அந்நாட்டில் சிவாலிக் அடுக்குகள் உள்ள போட்வார் மேட்டுநிலத்தில் ஆய்வு தொடங்கியபோது முறை மாறியது. பொறுக்குவதை விட்டுவிட்டு, தேர்ந்தெடுத்த அடுக்கின் மண்ணையே சாக்குச் சாக்காக அள்ளினார்கள். இந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அகழ்வாய்வு போலவே தோன்றாது. களிமண் கட்டிகளை முதலில் வெயிலில் நன்றாகக் காயவைப்பார்கள். காய்ந்தபின் சில சமயம் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிறகு தண்ணீரில் போடுவார்கள். கட்டி தானாகப் பிளந்து சேறாகக் கரையும். கரைந்ததை மேலே பெருங்கண், கீழே அரை மில்லிமீட்டர் அளவுச் சிறுகண் என்று அடுக்கிய சல்லடைகளில் ஊற்றி அலசுவார்கள். ஒரு சாக்கு மண் ஒரு கைப்பிடிக் கப்பியாகச் சுருங்கும். அதைக் காயவைத்து, தட்டில் பரப்பி, நுண்ணோக்கியின் கீழ் ஈரத் தூரிகையின் நுனியால் ஒவ்வொரு மணியாகத் தள்ளிப் பார்த்தால் மணலுக்கும் சுண்ணாம்புக் கட்டிக்கும் இடையே பல் ஒன்று பளபளக்கும். இப்படித்தான் நூறாண்டில் கிடைக்காதவை சில பருவங்களில் குவிந்தன. லூயிஸ் ஜேக்கப்ஸ் 1978-ல் வெளியிட்ட சிவாலிக் கொறித்துண்ணிகள் பற்றிய நூல் இந்தச் சல்லடையின் விளைச்சல். எலிகள் இல்லாததால் பட்டியல் மெலியவில்லை என்பது அத்துடன் தீர்ந்தது.

சிறு பற்கள் ஓரிடத்தில் இப்படிக் குவிவதற்கும் காரணம் உண்டு. கூகை எலியை முழுதாக விழுங்கும். செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். தலைமுறை தலைமுறையாக ஒரே பொந்திலோ பாறை விளிம்பிலோ அடையும் பறவைகள் அந்தப் பகுதியின் சிறு விலங்குகளை நமக்காகச் சேகரித்துக் கொடுக்கின்றன. 1863-ல் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்ததால் தமிழருக்கு நன்கு தெரிந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், 1884–85-ல் தம் மகன் ஹென்றியோடு கர்நூல் பகுதியின் பில்லசுர்கம் குகைகளைத் தோண்டியபோது இப்படிப்பட்ட சிற்றெலும்புகளும் கிடைத்தன. அவற்றை 1886-ல் விவரித்தவரும் லைடெக்கர்தான். கூகை தனக்குப் பிடித்த இரையைத்தானே தின்னும், அதன் உருண்டையை வைத்து முழுக் காட்டையும் கணிக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எந்த இனம் எத்தனை சதவீதம் இருந்தது என்று அதைக்கொண்டு துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆனால் எந்தெந்த இனங்கள் அங்கே வாழ்ந்தன, எப்போது ஒன்று மறைந்து மற்றொன்று வந்தது என்பதற்கு அந்தப் பாரபட்சம் பெரிய தடை அல்ல; வெவ்வேறு அடுக்குகளிலிருந்து, வெவ்வேறு இடங்களிலிருந்து ஒரே வரிசை திரும்பத் திரும்பக் கிடைக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஏன் பல்? உடலிலேயே கடினமான பொருள் பல்லின் எனாமல். எலும்பு நொறுங்கிக் கரைந்த இடத்திலும் அது தங்கும். கொறித்துண்ணிகளுக்கு மேலும் கீழும் ஓர் இணை வெட்டுப்பற்கள். அவை சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பக்கம் மட்டும் எனாமல் பூசியிருப்பதால் பின்பக்கம் விரைவாகத் தேய்ந்து, முனை எப்போதும் உளிபோல் கூராக இருக்கும். கோரைப்பல் கிடையாது, நீண்ட இடைவெளிக்குப் பின் கடைவாய்ப் பற்கள். வீட்டு எலிக்கு ஒரு பக்கத் தாடையில் மூன்றே கடைவாய்ப் பற்கள், ஆக மொத்தம் வாயில் 16 பற்கள்தான். ஆனால் அந்த மூன்றின் மேற்பரப்பில் குமிழ்கள் எத்தனை, எந்த வரிசையில் நிற்கின்றன, எவற்றை முகடு இணைக்கிறது என்பதில் குலமும் கிளையும் தெரிந்துவிடும். இன்னொரு வசதி, எலியின் தலைமுறை குறுகியது. ஒரு யானைத் தலைமுறை கழிவதற்குள் எலியில் பல பத்துத் தலைமுறைகள் கழிந்துவிடுகின்றன. எனவே யானையின் பல்லில் மாற்றம் தெரியாத இடைவெளியிலும் எலியின் பல்லில் தெரிய வாய்ப்பு அதிகம்.

போட்வார் அடுக்குகளில் இந்த மாற்றம் படிப்படியாகக் காணக் கிடைக்கிறது. ஏறத்தாழ 1.4 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சிஞ்சி அடுக்குகளில் ஆன்டெமஸ் என்ற சிறு எலி. அதற்கு முந்தைய வடிவங்களில் இல்லாத குமிழ்கள், மேல் கடைவாய்ப் பல்லின் உட்புறத்தில் அதற்கு முளைத்திருக்கின்றன. ஆனால் மற்றக் குமிழ்களோடு அவை இன்னும் சரியாகச் சேரவில்லை. 1.2 கோடி ஆண்டை ஒட்டிய அடுக்குகளில் புரோகோனோமிஸ் வருகிறது. இப்போது புதிய குமிழ்கள் பழையவற்றோடு இணைந்து, பல்லின் குறுக்கே வளைந்த வரிசைகளாக நிற்கின்றன. இன்றைய சுண்டெலியின் பல்லிலும் இதே அமைப்புதான். கீழ்த்தாடையை முன்னும் பின்னும் இழுத்து அரைக்கும் வாய்க்கு, அந்த இழுப்புக்குக் குறுக்காக நிற்கும் வரிசை அம்மியின் கொத்துப்போல் பயன்படும். அதன்பின் இந்தக் கால்வழி கிளைத்து, ஒரு பக்கம் புரோகோனோமிஸ் தொடர, இன்னொரு பக்கம் கார்னிமாட்டா பிரிகிறது. பூமியின் காந்தப்புலம் பலமுறை தலைகீழான தடம் இந்த அடுக்குகளிலேயே பதிந்திருப்பதால், ஒவ்வொரு பல்லுக்கும் ஏறக்குறைய வயது சொல்ல முடிகிறது. எலிகள் இங்கேதான் தோன்றின என்று எப்படிச் சொல்லலாம், முன்னோடி வடிவங்கள் வேறு நாடுகளிலும் உண்டே என்பது ஒரு மறுப்பு. உண்மைதான், முதல் எலி எந்த ஊரில் பிறந்தது என்பதைப் புதைபடிவம் ஒருபோதும் சொல்லாது. ஆனால் ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் புரோகோனோமிஸ் பிற்பட்ட அடுக்குகளில், முன்னோர் வரிசை எதுவும் இன்றித் திடீரென்று வந்து நிற்கிறது. படிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரிசையாகக் கிடைப்பது சிவாலிக்கில். வந்தேறியையும் மண்ணின் மைந்தனையும் பிரித்துக் காட்ட இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

பல்லின் வடிவம் குலத்தைச் சொல்கிறது; பல்லின் வேதியியல் உணவைச் சொல்கிறது. 80 லட்சம் முதல் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் காடும் புதரும் பின்வாங்கி, வெப்பநாட்டுப் புல்வெளி பரவியது. இந்தப் புற்கள் கரிமத்தைச் சேர்க்கும் விதம் மரஞ்செடிகளின் விதத்திலிருந்து வேறுபட்டது. அந்த வேறுபாடு பழைய மண்ணிலும், அவற்றைத் தின்ற விலங்கின் எனாமலிலும் பதிகிறது. யூரி கிமுரா, ஜேக்கப்ஸ், சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் ராஜீவ் பட்நாயக் முதலியோர் 2013-ல் எலிப்பற்களின் எனாமலை லேசர் கதிரால் நுண்ணளவு சுரண்டி இதை அளந்தார்கள். ஒரே காலத்தில் அருகருகே வாழ்ந்த இரு கால்வழிகள் ஒரே உணவைத் தின்னவில்லை என்பதும், புல் பெருகியபோது பல்லின் உருவமும் உணவோடு சேர்ந்து மாறியது என்பதும் தெரிந்தன. நெடுந்தூரம் மேய்ந்து திரியும் யானை பல நிலங்களின் புல்லையும் தழையையும் கலந்து பதிவு செய்யும். எலியோ பிறந்த இடத்தைவிட்டு அதிகம் நகராது. அதன் பல் அந்த ஒரு வயற்காட்டின் பதிவு.

எல்லைக்கு இந்தப் பக்கமும் இதே சான்று பேசுகிறது. ஜம்முவின் ராம்நகர் நமக்கு வாலில்லாக் குரங்குகளின் ஊராகத் தெரியும்: ஒராங்குட்டானின் உறவான சிவாபிதெக்கஸ், 2015-ல் ஒற்றைக் கடைவாய்ப் பல்லாகக் கிடைத்து 2020-ல் கிப்பன் குலத்தது என்று பெயரிடப்பட்ட காபி ராம்நகரென்சிஸ். செய்தித்தாள்கள் எழுதியது குரங்கைப் பற்றித்தான். ஆனால் அந்தக் குரங்குகள் எப்போது வாழ்ந்தன என்பதைத் தீர்மானிப்பதில் ஒரு பங்கு அதே மண்ணில் கிடைத்த கொறித்துண்ணிப் பற்களுடையது. அவற்றைப் போட்வார் வரிசையோடு ஒப்பிட்டுத்தான் ராம்நகர் அடுக்குகளைக் கால வரிசையில் பொருத்துகிறார்கள். ஆக, மனிதக் கிளையின் நெருங்கிய உறவுகளின் வரலாற்றுக்கே நாள் குறித்துக் கொடுப்பது எலி.

இங்கேதான் கனமான மறுப்பு வருகிறது. பல் தேயும். இளம் எலியின் கடைவாயில் குமிழ்கள் கூராக நிற்கும். வயதேறியதும் அவை மழுங்கி, எனாமல் வளையங்களாகத் தெரியும். கிழட்டு எலிக்கு நடுவே ஒரு குழி மட்டுமே மிஞ்சும். இந்த மூன்று பற்களும் தனித்தனியே சல்லடையில் கிடைத்தால் மூன்று இனம் என்று எண்ணிவிடலாம். அதற்கு மேல், ஒரே தாய் ஈன்ற குட்டிகளுக்குள்ளும் குமிழின் அளவு மாறும். அப்படியானால் பல்லை வைத்து இனம் பிரிப்பதே ஊகம்தானே? ஆம், மண்ணிலிருந்து வந்த பல்லை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஊகம்தான். எவ்வளவு வேறுபாடு ஓர் இனத்துக்குள் அடங்கும், எங்கே எல்லை கடக்கிறது என்பதை இன்று வாழும் விலங்கு மட்டுமே கற்றுத்தரும். அதற்கு ஓர் இனத்துக்கு ஒரு மண்டையோடு போதாது. குட்டி, இளையது, கிழடு, ஆண், பெண், மலை, சமவெளி என்று வரிசை வேண்டும். 1916 ஜூலை 1-ல் தொடங்கப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வகம் நியூ அலிப்பூரின் பிராணி விஞ்ஞான் பவனில் காத்துவரும் தோலும் மண்டையோடும் அப்படிப்பட்ட வரிசைகள்தாம். ஆய்வகத்தின் வி. சி. அகர்வால் 2000-ல் இந்திய எலிகளையும் முள்ளம்பன்றிகளையும் வகைப்படுத்தி வெளியிட்ட நூல் இந்தச் சேகரத்தின் மேல் நிற்பது. 100-க்கு மேற்பட்ட கொறித்துண்ணி இனங்கள் வாழும் ஒரு நாட்டில், புதைபடிவப் பல்லுக்கு அகராதி இந்தத் தொகுப்புகளே.

இந்த ஒப்பீடு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இந்தியப் புதர் எலி ஒரு சான்று. தமிழகத்தின் முட்புதர்க் காடுகளிலும் காணப்படும் இந்தச் சாதாரண எலி, சென்னை மாகாண அதிகாரி வால்டர் எலியட்டின் சேகரத்திலிருந்து 1837-ல் விவரிக்கப்பட்டது. அதன் பேரினம் கோலுண்டா. அந்தப் பேரினத்தில் இன்று மிஞ்சியிருப்பது இந்த ஓர் இனம், அதுவும் தெற்காசியாவிலும் அதை ஒட்டிய நிலங்களிலும் மட்டும். அதன் அகன்ற கடைவாய்ப் பற்களின் அமைப்பு தெரிந்திருந்ததால்தான் சிவாலிக்கின் பிற்கால அடுக்குகளில் கிடைத்த பற்கள் கோலுண்டாவின் உறவு என்று அடையாளம் காணப்பட்டன. எத்தியோப்பியாவின் ஹடாரில், லூசி என்ற ஆதிமனிதக் குலப் பெண்ணின் எலும்புகள் கிடைத்த அதே பகுதியிலும் கோலுண்டா இருந்தது தெரியவந்தது. ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே அன்று திறந்திருந்த வழிக்கு ஒரு புதர் எலி சாட்சி. உயிருள்ள கோலுண்டாவின் பல்லை யாரும் சேர்த்து வைத்திருக்காவிட்டால் ஹடார் பல் பெயரில்லாமல் கிடந்திருக்கும்.

ஒற்றைப் பல்லை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் இந்தியாவிலேயே உதாரணம் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் டிக்கி பாறைகள் ட்ரையாசிக் காலத்தவை, 20 கோடி ஆண்டுக்கும் மூத்தவை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பி. எம். தத்தா 2005-ல் அங்கிருந்து ஒரே ஒரு மேல் கடைவாய்ப் பல்லை விவரித்து டிக்கிதீரியம் என்று பெயரிட்டார். பாலூட்டிகளின் பல் அவ்வளவு முன்பே அத்தனை வளர்ச்சி அடைந்திருந்தது என்பது உலகின் கவனத்தை ஈர்த்தது. 2024-ல் அலெக்சாண்டர் அவெரியனோவும் லியோனிட் வோய்டாவும் அந்தப் பல்லை மூஞ்சூறுகளின் பற்களோடு ஒப்பிட்டு, அது ட்ரையாசிக் விலங்கினுடையதே அல்ல, மிகவும் பிற்பட்ட காலத்து மூஞ்சூறு ஒன்றின் பல் என்று வாதிட்டார்கள். மூஞ்சூறு கொறித்துண்ணி அல்ல, பூச்சி தின்னும் வேறு கிளை. ஆனால் பாடம் எலிக்கும் பொருந்தும். சிறிய பல் மண்வெடிப்பில் இறங்கும், வளையில் விழும், பழைய அடுக்கின் மேல் வந்து ஒட்டும். அப்படியென்றால் சல்லடையையே சந்தேகிக்க வேண்டாமா? வேண்டியதில்லை. தப்பைக் காட்டிக்கொடுத்தது எது என்று பாருங்கள்: பல்லை மற்றப் பற்களோடு ஒப்பிட்டதுதான். ஆன்டெமஸுக்கும் புரோகோனோமிஸுக்கும் பின்னால் பல தளங்களிலிருந்து வந்த ஏராளமான பற்கள் நிற்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டு தவறி விழுந்தவையாக இருந்தாலும் வரிசை கலையாது. டிக்கிதீரியத்தின் பின்னால் துணைக்கு ஒரு பல்கூட இருக்கவில்லை.

கடைசி மறுப்பு மரபணு ஆய்வாளர்களிடமிருந்து வரக்கூடியது. உயிரினங்களின் டிஎன்ஏ வேறுபாட்டை எண்ணி, எப்போது பிரிந்தன என்று கணக்கிடலாமே, தேய்ந்த பல் எதற்கு? ஆனால் அந்தக் கணக்குக்கு வேகம் தெரிய வேண்டும். வேகத்தை ஒரு புதைபடிவம்தான் தர முடியும். உலகெங்கும் ஆய்வகங்கள் பல்லாண்டு பயன்படுத்திய அளவுகோல்களில் ஒன்று, சுண்டெலியும் பெரிய எலியும் 1.2 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்பது. அதன் மூலம் போட்வாரின் புரோகோனோமிஸ். 2015-ல் கிமுராவும் உடனாய்வாளர்களும் பற்களை மீண்டும் ஆராய்ந்து, அந்தப் புதைபடிவங்கள் குறிப்பது வேறொரு பிரிவை என்று காட்டினார்கள்: சுண்டெலிக் கிளையும், ஆப்பிரிக்கப் புல்வெளி எலிகளின் கிளையும் ஏறத்தாழ 1.1 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்ததையே அவை காட்டுகின்றன. சுண்டெலியும் பெரிய எலியும் பிரிந்தது அதற்கும் முன்னால். தவறான கிளையில் ஆணி அடித்துவிட்டு எத்தனை டிஎன்ஏ எண்ணினாலும் கணக்கு கோணலாகத்தான் வரும். அந்த ஆணியைச் சரியான இடத்துக்கு மாற்றியது மறுபடியும் பல்லின் வடிவத்தைப் படித்ததுதான். இதுவரை மீட்கப்பட்ட மிகப் பழைய டிஎன்ஏ, கிரீன்லாந்து மண்ணில் கிடைத்த 20 லட்சம் ஆண்டுப் பழமையானது. கோடி ஆண்டு முந்தைய சிவாலிக் எலியிடம் கேட்பதற்கு வடிவத்தைத் தவிர வேறு மொழி இல்லை.

இந்த வாதத்திலிருந்து நடைமுறை முடிவு ஒன்றும் பிறக்கிறது. அகழ்வாய்வுக்குக் கிடைக்கும் ஆதரவு இழுப்பறைகளுக்கு எளிதில் கிடைப்பதில்லை. 1942-ல் போர்க்கால அச்சத்தில் விலங்கியல் ஆய்வகத்தின் சேகரம் கல்கத்தாவிலிருந்து வாரணாசியின் கைசர் கோட்டைக்கு மாற்றப்பட்டது; மறுவருடமே வருணா ஆற்றின் வெள்ளம் அதில் பெரும் சேதம் விளைவித்தது. அன்று அழிந்த மாதிரிகளில் எவை எந்தப் புதைபடிவத்துக்கு விடை சொல்லியிருக்கும் என்று இனி யாரும் கூற முடியாது. குன்று அங்கேயே இருக்கும், இந்த மழைக்கு வராத பல் அடுத்த மழைக்கு வெளியே வரும். நூறாண்டு முன் ஒரு வயலில் பிடித்துப் பதப்படுத்திய எலியை, அந்த வயல் அடுக்குமாடிக் குடியிருப்பாகிவிட்ட பிறகு மறுபடி பிடிக்க முடியாது. இரண்டில் எதற்கு முதலில் காவல் வேண்டும் என்றால், என் பதில் நியூ அலிப்பூருக்குத்தான்.

அடுத்த பகுதியில் இன்னும் பின்னோக்கிப் போவோம். ஜம்முவின் காலாகோட்டிலும் குஜராத்தின் வஸ்தான் நிலக்கரிச் சுரங்கத்திலும் கிடைத்த இயோசீன் காலக் கொறித்துண்ணிகள், தீவாக மிதந்து வந்த இந்தியா ஆசியாவோடு எப்போது கைகோத்தது என்ற வழக்கில் என்ன சாட்சி சொல்கின்றன என்று பார்ப்போம். அங்கே பற்கள் குறைவு. எனவே இன்று பேசிய எச்சரிக்கை அங்கே இரட்டிப்பாகத் தேவைப்படும்.